‘மெர்சி’ என்னும் சொல்லுக்குத் தமிழ் எது?

சென்ற ஆண்டு ஒரு நாள், லுஹர் தொழுகை முடிந்து மாணவர்கள் பாடத்துக்கு அமரும் வேளையில், புதுவை முல்லா வீதிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தம் மகனை அழைத்துக்கொண்டு மதரஸாவுக்கு வந்தார். அவருடைய கணவர் அரசுப் பணியில் இருக்கும்போதே வஃபாத்தானவர். இத்தா முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. தட்டச்சுக் கடையில் எழுதி வாங்கிய மனு ஒன்றை என்னிடம் நீட்டி, “பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள், ஹஜ்ரத்” என்றார்.

மனுவில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை. ஆனால் ஒரே பக்கத்தில் ‘கருணை’ என்னும் சொல் ஐந்து இடங்களில் இருந்தது. குடும்ப ஓய்வூதியத்தைக் கருணை கூர்ந்து வழங்க வேண்டும். பணிக்கொடையைக் கருணை கூர்ந்து விடுவிக்க வேண்டும். மகனுக்குக் கருணை அடிப்படையில் வேலை தர வேண்டும். மனுவைக் கருணையோடு பரிசீலிக்க வேண்டும். இக்குடும்பத்துக்குக் கருணை காட்ட வேண்டும். நான் படித்து முடிக்கும் வரை பொறுத்திருந்த அந்தத் தாய் மெல்லக் கேட்டார்: “ஹஜ்ரத், இத்தனை கருணை கேட்கிறோமே, நாங்க என்ன தப்பு செஞ்சோம்?”

இக்கேள்வி என்னை நெடுநாள் விடவில்லை. எழுத்தறிவு குறைந்த ஒரு பெண்மணி, அகராதிகள் சொல்லாமல் விட்ட ஒரு பொருள் நுட்பத்தைத் தம் உள்ளுணர்வால் கண்டுகொண்டார். தவறு செய்தவன் கேட்பது ஒன்று. துன்புற்றவன் கேட்பது மற்றொன்று. உரிமையுடையவன் கேட்பது வேறொன்று. இம்மூன்றையும் ஒரே சொல்லால் கேட்கும் நிலைக்கு நம் தமிழ் எப்படி வந்தது? இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாள்தோறும் நாம் படிக்கும் தமிழை எடுத்துக்கொள்வோம். தூக்குத் தண்டனை பெற்றவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்புவது கருணை மனு. இறந்த ஊழியரின் பிள்ளைக்குக் கிடைப்பது கருணை அடிப்படையிலான பணி. தீபாவளிக்கு முன் தொழிலாளிக்குப் போனசுடன் சேர்த்துத் தருவது கருணைத் தொகை. தேர்வில் இரண்டொரு மதிப்பெண் குறைந்த மாணவனுக்குப் போடுவது கருணை மதிப்பெண். மீளா நோயில் கிடப்பவரின் உயிரை முடிப்பது கருணைக் கொலை. இவை ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் ஆங்கிலச் சொல் நிற்கிறது. ஆனால் அது ஒரே சொல் அன்று. மனுவுக்கும் கொலைக்கும் பின்னால் இருப்பது ‘மெர்சி’. வேலைக்குப் பின்னால் ‘கம்பாஷன்’. மதிப்பெண்ணுக்குப் பின்னால் ‘கிரேஸ்’. தொகைக்குப் பின்னால் இலத்தீன் மொழியின் ‘எக்ஸ் கிரேஷியா’. ஆங்கிலம் மூன்று நான்கு சொற்களால் பிரித்து வைத்ததை நாம் ஒன்றில் கொட்டிவிட்டோம். இதைச் சொல் சிக்கனம் என்று பாராட்டவும் வழியில்லை. நம்மிடம் சொல் இல்லாமற் போனதால் நேர்ந்த காரியம் அன்று இது.

ஒரு பொருளுக்குப் பல சொற்கள் இருக்க முடியுமா என்பது அறபு அறிஞர்களிடையே பழைய வழக்கு. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் ஹலப் நகரில், அமீர் ஸைஃபுத் தவ்லாவின் சபையில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சியை இமாம் ஸுயூத்தி அவர்கள் தம் ‘அல் முஸ்ஹிர்’ நூலில் எடுத்துரைக்கிறார்கள். இலக்கண மேதை இப்னு காலவைஹி, வாளுக்குத் தமக்கு ஐம்பது பெயர்கள் தெரியும் என்றாராம். அபூ அலீ அல் ஃபாரிஸீ புன்னகைத்து, தமக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும், அது ‘ஸைஃப்’ என்றாராம். அப்படியானால் ‘முஹன்னத்’, ‘ஸாரிம்’ எல்லாம் எங்கே போயின என்று கேட்க, அவை வாளின் பண்புகள், பெயர்கள் அல்ல என்று விடை வந்ததாம். இந்திய இரும்பால் ஆனது என்பது ஒரு பண்பு; துண்டிக்கும் கூர்மையுடையது என்பது மற்றொரு பண்பு. அதே நூற்றாண்டினரான அபூ ஹிலால் அல் அஸ்கரீ, ஒன்றுபோல் தோன்றும் சொற்களின் வேறுபாடுகளை விளக்குவதற்கென்றே ‘அல் ஃபுரூக்’ என்னும் தனி நூல் இயற்றினார்.

மேலை நாட்டில் இம்முயற்சி பிந்தியே தோன்றியது. பிரெஞ்சு மொழியில் ழிரார் என்னும் பாதிரியார் 1718இல் இவ்வகை நூலை வெளியிட்டார். ஆங்கிலத்தில் கிராப் என்பவரின் நூல் 1816இல் வந்தது. 1852இல் வெளிவந்த ரோஜேயின் புகழ்பெற்ற சொற்களஞ்சியம் சொற்களை இனம் இனமாகத் தொகுத்ததே அன்றி, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன வேறுபாடு என்று விளக்கவில்லை. நம் தமிழில் திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் செய்ததும் இத்தொகுப்புப் பணியையே. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை ஆக்கியபோது நிகண்டுச் செய்யுள்கள் அகர வரிசைக்கு மாறின. புதுவையிலேயே அச்சான மூசே, துய்புயி ஆகிய குருமாரின் தமிழ்–பிரெஞ்சு அகராதி முதல், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதி வரை எல்லாம் நமக்குக் கிடைத்த செல்வங்கள். ஆயினும் ஓர் இருமொழி அகராதியில் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே அருள், கருணை, தயவு, இரக்கம், கிருபை என்று காற்புள்ளியிட்டு வரிசையாக அடுக்கினால், பயன்படுத்துவோர் முதலில் நிற்பதையோ காதுக்குப் பழகியதையோ எடுத்துக்கொண்டு போய்விடுகின்றனர். பண்புகளெல்லாம் பெயர்களாகிவிடுகின்றன.

இனி ‘மெர்சி’யின் பிறப்பைப் பார்ப்போம். புதுவையில் வாழ்வோருக்கு இதை விளக்குவது எளிது. நம் ஊர்க் கடைத்தெருவில் பழைய பிரெஞ்சுக் குடும்பத்தார் ஒருவர் சாமான் வாங்கிவிட்டு ‘மெர்சி’ என்று சொன்னால், அது ‘நன்றி’ என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலப் புத்தகத்தில் அதே ஒலியுடைய சொல்லைக் கண்டால் அங்கே பொருள் வேறாக இருக்கிறது. இரண்டும் உடன்பிறப்புகளே. இரண்டுக்கும் தாய் ‘மெர்செஸ்’ என்னும் இலத்தீன் சொல். அதன் பொருள் கூலி, விலை, வெகுமதி. சரக்கைக் குறிக்கும் சொல்லும் வணிகனைக் குறிக்கும் ‘மெர்ச்சன்ட்’ என்னும் சொல்லும் அதே குடும்பத்தவை.

கூலி எப்படிக் கருணையாயிற்று? திருப்பித் தர வழியில்லாத ஏழைக்கு ஒருவர் நன்மை செய்தால், அதற்கான கூலியை அந்த ஏழை தர இயலாது. இறைவன் மறுமையில் தருவான். இக்கருத்தால் இலத்தீன் பேசிய கிறித்தவர்களிடையே இச்சொல் மறுமைக் கூலியைக் குறித்து, பின் அக்கூலிக்குக் காரணமான நற்செயலையும் குறிக்கலாயிற்று. பிரெஞ்சுக்காரர் அதைப் பெற்றவன் வாயில் வைத்தனர், அது நன்றியாயிற்று. ஆங்கிலேயர் கொடுப்பவன் கையில் வைத்தனர். அது தண்டிக்காமல் விடுதலாயிற்று. பிரெஞ்சு மொழியிலும் பழைய பொருள் முற்றும் அழிந்துவிடவில்லை. ஒருவனுடைய தயவில் கிடத்தல், ஈவிரக்கமின்றி நடத்தல் என்பன போன்ற சில தொடர்களில் அது தங்கியிருக்கிறது. ஆயினும் மரண தண்டனை வழக்கிலிருந்த காலத்தில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரிடம் உயிர்ப்பிச்சை கேட்டவர்கள் ‘மெர்சி’யைக் கேட்கவில்லை; ‘கிராஸ்’ என்பதையே கேட்டனர்.

ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் வழக்காடு மன்றக் காட்சியைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடனுக்கு ஈடாகச் சதையைக் கேட்கும் ஷைலக்கிடம், வழக்கறிஞர் வேடத்தில் வந்த போர்ஷியா ‘மெர்சி’யின் சிறப்பை எடுத்துரைக்கிறாள். நாடகத்தின் பெயரிலுள்ள வணிகனும் அவள் பேச்சிலுள்ள மெர்சியும் ஒரே வேர் என்பதை எண்ணிப் பார்த்தால் அக்காட்சி இன்னும் ஆழமாகிறது. அங்கே ஒருவன் கையில் கத்தி இருக்கிறது. மற்றவன் மார்பு திறந்திருக்கிறது. சட்டம் கத்தியின் பக்கம் இருப்பதாகத் தோன்றுகிறது. அந்த நிலையில் கேட்கப்படுவதுதான் மெர்சி. ஆகவே இச்சொல்லுக்கு மூன்று உறுப்புகள் உண்டு எனலாம். தண்டிக்கவோ துன்புறுத்தவோ ஆற்றலுள்ள ஒருவன் வேண்டும். அவன் பிடியில் அகப்பட்ட ஒருவன் வேண்டும். அந்த ஆற்றலைப் பயன்படுத்தாமல் விடுதல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆங்கிலத்தில் வேறு சொல் வந்துவிடும்.

அவ்வேறு சொற்களையும் சுருக்கமாகக் காண்போம். ‘கிளெமென்சி’ என்பது தண்டிக்கும் பதவியில் இருப்பவனுடைய இயல்பான மென்மை. இச்சொல் வானிலைக்கும் வழங்கும். கடுங்காற்றும் மழையும் இல்லாத இதமான பருவத்துக்கும் இதே பெயர்தான். நம் முன்னோர் அரசனின் அருளைத் ‘தண்ணளி’ என்றார்கள். வெயில் நாட்டில் இதம் என்பது குளிர்ச்சியே அன்றோ! ‘லெனிட்டி’ என்பது கடுமை குறைத்தல், அதாவது இளக்கம். அது சில வேளை குறையாகவும் எண்ணப்படும். பரீட்சை மேற்பார்வையாளர் இளக்கமாக இருந்தார் என்றால் அது பாராட்டு அன்று. ‘பிட்டி’ என்பது இரக்கம்; அதில் இரங்குபவன் மேலே நிற்பான், இரங்கப்படுபவன் கீழே நிற்பான். ‘கம்பாஷன்’ என்பது வேர்ப்பொருளில் உடன் துன்புறுதல். இருவரும் ஒரே தரையில் நிற்பர். தமிழில் அதைப் பரிவு எனலாம். ‘கிரேஸ்’ என்பது கடமையோ கைம்மாறோ இன்றி, தன் நிறைவிலிருந்து தருதல்; அதுவே அருள்.

சம்ஸ்கிருதத்திலிருந்து வந்த கருணை என்னும் சொல் எங்கே நிற்கிறது? பௌத்தர்கள் மைத்ரி, கருணை, முதிதை, உபேட்சை என்று நால்வகை உளநிலை கூறினர். எல்லா உயிரிடத்தும் நட்பு மைத்ரி. துன்புறும் உயிரிடத்து எழுவது கருணை. வடமொழி அணி நூலாரும் அவலச் சுவைக்கே கருணம் என்று பெயரிட்டனர். ஆக, கருணைக்கு வேண்டியது துன்பம், குற்றம் அன்று. பக்கத்து வடலூரில் 1867இல் சத்திய தருமச்சாலையை நிறுவிப் பசித்தவர்க்கு உணவளித்த இராமலிங்க அடிகளார், உயிர்களின் துயர் கண்டு உருகுவதை ஜீவகாருண்யம் என்றார். பசித்தவன் குற்றவாளி அல்லன். அங்கே அச்சொல் தன் சொந்த வீட்டில் இருக்கிறது. ஆங்கில ‘மெர்சி’க்கு ஈடாக நீதிமன்றத்துக்கு இழுத்துவரப்பட்ட பிறகே கருணைமீது குற்றத்தின் வாடை படிந்தது. கருணை மனு என்று ஆண்டுக்கணக்காகச் செய்தித்தாளில் படித்த காதுக்கு, கருணை அடிப்படையில் வேலை என்னும்போதும் அந்த வாடை வருகிறது. அந்தத் தாயின் கேள்வி அங்கிருந்தே பிறந்தது.

அரசன் குற்றவாளியைப் பொறுத்துக்கொள்ளும் பண்புக்குத் தமிழில் வேறு சொல் இல்லையா? இருந்தது. திருவள்ளுவர் ஒன்றை மூன்றாக வகுத்தார். இல்லறத்தானுக்கு அன்புடைமை எட்டாம் அதிகாரம். துறவிக்கு அருளுடைமை இருபத்தைந்தாம் அதிகாரம். அரசனுக்குக் கண்ணோட்டம் ஐம்பத்தெட்டாம் அதிகாரம். எதிரே நிற்பவன் முகத்தின் மேல் கண் சென்று படிந்தால் கை கடுமை செய்யத் தயங்கும், அதுவே கண்ணோட்டம். செய்ய வேண்டிய கடமை சிதையாமல் கண்ணோட வல்லவருக்கே உலகம் உரியது என்றும் அவர் எல்லை வகுத்தார். மெர்சிக்கும் கிளெமென்சிக்கும் இதைவிட நெருங்கிய சொல் வேண்டுமா? ஆனால் இன்று கண்ணோட்டம் என்றால் ‘பார்வைக் கோணம்’ என்றே எல்லாரும் கொள்கின்றனர். வரலாற்றுக் கண்ணோட்டம், அரசியல் கண்ணோட்டம் என்று எழுதி எழுதி, ஓர் அரிய அறச்சொல்லை வெறும் பார்வையாக்கிவிட்டோம்.

டாக்டர் ஜி.யு. போப் 1886இல் குறளை ஆங்கிலமாக்கியபோது அருளுடைமைக்குப் ‘பெனவலன்ஸ்’ என்றும் கண்ணோட்டத்துக்குப் ‘பெனிக்னிட்டி’ என்றும் எழுதினார். இரண்டுக்கும் மெர்சியைப் போடவில்லை. அவரே 1900இல் திருவாசகத்தை ஆங்கிலமாக்கியபோது இறைவனின் அருளுக்குக் ‘கிரேஸ்’ என்னும் சொல்லை ஆண்டார். மனிதன் உடைய அருள் வேறு, இறைவன் தரும் அருள் வேறு என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். ஒரே தமிழ்ச் சொல்லைப் பிரித்துவிட்டாரே என்று நாம் குறை கூறலாம். எனினும் தம் மொழியின் சொற்களை எடைபோட்டு எடுத்த அந்த உழைப்பை நாம் கற்றுக்கொள்ள வேண்டாமா?

நீதித்துறையிலும் இதே பாடம் உண்டு. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 72ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 161ஆம் பிரிவு ஆளுநருக்கும் தண்டனையை மாற்றும் அதிகாரத்தை வழங்குகின்றன. அங்கே ‘மெர்சி’ என்னும் சொல்லே இல்லை. குற்றத்தையே நீக்கிவிடும் மன்னிப்பு, தண்டனையைத் தள்ளிவைத்தல், சிறிது ஓய்வு தருதல், அளவைக் குறைத்தல், வேறொரு தண்டனையாக மாற்றுதல் எனத் தனித்தனிச் சொற்களே உள்ளன. மக்கள் வழக்கில் இவையனைத்தும் கருணை மனுவாயின. விளைவு என்ன? கருணை காட்டுவதும் காட்டாததும் மேலிருப்பவர் விருப்பம், எத்தனை ஆண்டு காக்க வைத்தாலும் கேட்க முடியாது என்னும் எண்ணம் பரவியது.

2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இவ்வெண்ணத்தைத் திருத்தியது. இவ்வதிகாரம் வெறும் தனியுரிமை அன்று, அரசியலமைப்பு விதித்த கடமை என்று கூறி, மனுவின் மீது முடிவெடுப்பதில் நேர்ந்த நியாயமற்ற தாமதம் முதலிய காரணங்களால் பதினைந்து பேரின் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றியது. நீதிமன்றம் அவர்கள்மேல் கருணை கொண்டது என்று அன்று பலர் பேசினர். உண்மையில் நீதிமன்றம் செய்தது நீதி. நீதியைக் கருணை என்று அழைத்தால், நீதி செய்யாதிருப்பதும் ஒரு பெரிய குற்றம் ஆகாது என்று மக்கள் மனம் கொள்ளும். ஒரு சொல் பிழையால் இத்தனை தூரம் தவறு நேரக்கூடும்.

இதுவரை ஊரார் வழக்கைக் கண்டோம். இனி நம் வீட்டுக்குள் வருவோம். இன்று நம் பிள்ளைகள் பலர் திருக்குர்ஆனின் பொருளை ஆங்கிலத்தில் படிக்கின்றனர். படித்ததைத் தமிழில் சொல்லும்போது, அல்லாஹ்வின் திருநாமங்களாகிய ரஹ்மான், ரஹீம் இரண்டுக்கும் ‘மெர்சிஃபுல்’ என்று கொண்டு, ‘கருணை காட்டுபவன்’ என்று முடித்துவிடுகின்றனர். மேடைப் பேச்சிலும் சிறு வெளியீடுகளிலும்கூட இது நுழைந்துவிட்டது. ரஹ்மத் என்னும் அறபுச் சொல்லிலிருந்து தமிழுக்கு நேர்வழி இருக்க, மெர்சி என்னும் ஊரைச் சுற்றிக்கொண்டு வருவானேன்?

ரா, ஹா, மீம் என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்தே ‘ரஹிம்’ என்னும் சொல்லும் வருகிறது. அதன் பொருள் தாயின் கருவறை. கருவறை சிசுவுக்கு இடம் தருகிறது, உணவு தருகிறது, சூடு தருகிறது. சிசு எந்தக் குற்றமும் செய்யவில்லை; அது கேட்கவும் இல்லை; தனக்குத் தேவை உண்டென்றே அதற்குத் தெரியாது. மெர்சிக்குக் குற்றமோ வீழ்ச்சியோ முன்னால் நிகழ வேண்டும். ரஹ்மத்தோ எல்லாவற்றுக்கும் முன்னாலேயே இருக்கிறது. இந்த வேறுபாட்டை உணர்ந்தவர்களுள் ஒருவர் அப்துல்லாஹ் யூசுஃப் அலீ. 1934 முதல் வெளிவந்த தம் ஆங்கிலப் பெயர்ப்பில் ரஹ்மானுக்குக் ‘கிரேஷியஸ்’, ரஹீமுக்கு ‘மெர்சிஃபுல்’ என்று அவர் பிரித்தார். பாவம் செய்தவனுக்குத் தேவைப்படும் மெர்சி ஒன்று. தேவை எழுமுன்னரே முந்திச் செல்லும் மெர்சி மற்றொன்று என்று அடிக்குறிப்பில் விளக்கமும் தந்தார். ஆங்கிலத்தின் வறுமையை ஆங்கிலத்தில் எழுதியவரே உணர்ந்திருக்க, நாம் அவ்வறுமையைக் கடன் வாங்கலாமா?

ஸர்ஃபு படித்த மாணவர்க்கு மற்றொரு நுட்பமும் விளங்கும். ‘ஃபஃலான்’ என்னும் வாய்பாடு நிறைந்து ததும்புதலைக் காட்டும். ‘அத்ஷான்’ என்றால் தாகத்தால் நிறைந்தவன். ‘ஜவ்ஆன்’ என்றால் பசியால் நிறைந்தவன். ‘கழ்பான்’ என்றால் சினத்தால் நிறைந்தவன். அவ்வாறே ‘ரஹ்மான்’ என்பது ரஹ்மத்தின் நிறைவு. ‘ஃபயீல்’ என்னும் வாய்பாடோ நிலைத்த பண்பைக் காட்டும், ‘ரஹீம்’ அவ்வகையது. உலகில் எல்லாப் படைப்புக்கும் பொதுவான ரஹ்மத்தை முதல் நாமமும், மறுமையில் விசுவாசிகளுக்குரிய ரஹ்மத்தை இரண்டாம் நாமமும் குறிக்கும் என்று விரிவுரையாளர் பலர் உரைத்துள்ளனர். ரஹ்மான் என்பது அல்லாஹ்வுக்கே உரியது. ரஹீம் என்பதைத் திருக்குர்ஆன் அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கும் வழங்கியிருக்கிறது.

நம் வீடுகளில் வழங்கும் தமிழாக்கங்கள் பெரும்பாலும் ரஹ்மானுக்கு அருளாளன் என்றும் ரஹீமுக்கு அன்புடையோன் என்றும் பெயர்த்திருக்கின்றன. இத்தேர்வைச் செய்த முன்னோரின் தமிழறிவை எண்ணி வியக்கிறேன். அருள் என்பது அன்பு ஈன்ற குழந்தை என்ற கருத்தை வள்ளுவர் பொருள் செயல்வகையில் சொல்கிறார். கருவறையிலிருந்து ரஹ்மத் பிறந்தது போலத் தமிழிலும் அருளுக்கு ஒரு பிறப்பு, ஒரு தாய், ஒரு வளர்ப்பு உண்டு. இரு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே உவமையைக் கண்டிருக்கின்றன. இத்தகைய சொல் கையில் இருக்கும்போது, கூலியில் பிறந்து தண்டனை மேடையில் வளர்ந்த ஒரு சொல்லின் நிழலை அல்லாஹ்வின் திருநாமத்தின்மேல் படரவிடுவது முறையாகுமா? குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் ‘றகுமான் கண்ணி’ பாடியபோது அத்திருநாமத்தைப் பெயர்க்காமலே வைத்துக்கொண்டார்கள் என்பதும் கருதத்தக்கது.

கைதிகளிடையே தன் குழந்தையைத் தேடி அலைந்த ஒரு தாய், அதைக் கண்டதும் அள்ளி மார்போடு அணைத்துப் பாலூட்டியதை நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குச் சுட்டிக்காட்டி, இவள் தன் பிள்ளையிடம் கொண்டிருப்பதைவிட அல்லாஹ் தன் அடியாரிடம் கொண்டிருக்கும் ரஹ்மத் பெரிது என்று உணர்த்தியதாக புகாரி, முஸ்லிம் நூல்களில் வருகிறது. அந்தத் தாய் தன் பிள்ளைக்கு ‘மெர்சி’ காட்டினாள் என்று எந்த ஆங்கிலேயரும் சொல்ல மாட்டார். மழை பெய்தால் நம் வீட்டு மூதாட்டிகள் ‘ரஹ்மத்து இறங்குது’ என்கிறார்கள். வறண்ட பூமியை உயிர்ப்பிக்கும் மழையைத் திருக்குர்ஆனும் ரஹ்மத்தின் அடையாளமாகவே காட்டுகிறது. அங்கே மன்னிப்பு எங்கே வந்தது?

மன்னிப்புக்கு அறபு மொழி தனிச் சொற்களை வைத்திருக்கிறது. ‘அஃபு’ என்பது மணலில் பதிந்த சுவட்டைக் காற்று அழிப்பது போல் அழித்துவிடுதல். ‘மக்ஃபிரத்’ என்பது மூடி மறைத்துக் காத்தல். போர்வீரன் தலைக்காப்புக்கு ‘மிக்ஃபர்’ என்று பெயர். ஆங்கிலத்தின் ‘பார்டன்’ என்பதோ வேர்ப்பொருளில் முழுவதுமாகக் கொடுத்துவிடுதல். தமிழின் பொறுத்தல் என்பது மற்றவன் பிழையின் பாரத்தைத் தான் சுமத்தல். ஒருவர் அழிக்கிறார், ஒருவர் மூடுகிறார், ஒருவர் கொடுத்துவிடுகிறார், ஒருவர் சுமக்கிறார். நான்கும் நல்லவையே, நான்கும் ஒன்றல்ல.

“மக்கள் வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை மாற்ற முடியுமா? கருணை மனுவைக் கண்ணோட்ட மனு என்றால் யாருக்கு விளங்கும்?” என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கருணை மனு அப்படியே இருக்கட்டும். அங்கே அச்சொல் குடியேறிவிட்டது. நான் வேண்டுவது இரண்டே. முதலாவது, திருநாமங்களையும் திருவசனங்களையும் தமிழில் சொல்லும்போது ஆங்கிலத்தின் வழியாக வராதீர்கள். அருள், அன்பு என்னும் சொற்கள் நம் முன்னோர் தேர்ந்து தந்தவை. இரண்டாவது, உரிமையாய் வர வேண்டியதைக் கேட்கும்போது கருணை என்று எழுதாதீர்கள்.

அந்தத் தாயின் மனுவை நான் இவ்வாறுதான் திருத்தினேன். ஓய்வூதியம் என்பது ஆள்வோர் விரும்பினால் தரும் கொடை அன்று, உழைப்பால் ஈட்டிய உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே குடும்ப ஓய்வூதியம் கேட்ட இடத்தில் கருணையை அடித்து, ‘விதிகளின்படி எனக்கு உரிய’ என்று எழுதினேன். பணிக்கொடை என்னும் பெயரில் கொடை இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரான ‘கிராஜுட்டி’யும் கிரேஸின் வேரிலிருந்தே வந்தது. ஆனால் பெயரில்தான் கொடை. விதியில் அது உரிமை. அங்கும் அவ்வாறே எழுதினேன். மகனின் வேலைக்கு வந்தபோது பேனா நின்றது. இவ்வகை வேலை வாரிசுச் சொத்துப் போல் கேட்டுப் பெறும் உரிமை ஆகாது. சம்பாதித்தவர் மறைந்ததால் திடீர் நெருக்கடியில் விழுந்த குடும்பத்துக்குப் பொது விதியிலிருந்து விலக்காகச் செய்யும் உதவி என்று 1994இல் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது. இல்லாத உரிமையை உண்டென்று எழுதுவதும் பொய்யே. அங்கே அலுவலக வழக்குத் தொடர் இல்லாவிடில் மனு தவறான மேசைக்குப் போகும். ஆகவே ‘கருணை அடிப்படையில்’ என்பதை அந்த ஓரிடத்தில் மட்டும் விட்டுவைத்தேன். மற்ற இரண்டு இடங்களில் ‘பரிசீலிக்குமாறு’ என்றும் ‘ஆவன செய்யுமாறு’ என்றும் எழுதினேன்.

மனுவைப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தாய், “ஒரு கருணை மிச்சம் இருக்கே, ஹஜ்ரத்” என்றார்.

“அது இரக்கத்தைக் கேட்கும் சொல், அம்மா. துன்பப்பட்டவர் கேட்கலாம். அதற்குத் தவறு செய்திருக்க வேண்டியதில்லை” என்றேன்.

அவர் மகனிடம் மனுவைக் கொடுத்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். வாசல்வரை சென்றவர் திரும்பி, “ரஹ்மத்து அவன்கிட்ட கேட்டுக்கிறோம், இவங்ககிட்ட நமக்கு உள்ளதைக் கேட்போம்” என்றார்.

நான் இத்தனை பக்கத்தில் சொல்ல முயன்றதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். சொல்லைச் சரியாக வைப்பதும் அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பது போன்றதே. உரியதற்கு உரிய சொல்லை வழங்கும் தெளிவை அல்லாஹு தஆலா நம் நாவுக்கும் எழுதுகோலுக்கும் தந்தருள்வானாக!